மூன்று முழம் பட்டு

அத்தியாயம் 14

கோபிநாத் பிடிவாதக்காரன் என்று பதின்மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அந்தப் பிடிவாதம் இந்த வாரம் அவனைக் கைவிட்டுவிட்டது. எப்படி என்று சொல்வதற்கு முன், நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி.

ஆரணியில் வந்தவாசி ரோட்டுப் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு மெக்கானிக் பட்டறை வைத்திருந்தார்கள். அண்ணன் கோபிநாத் ஆயில் மோட்டாரிலிருந்து லாரி வரைக்கும் பார்ப்பான். தம்பி சிவகுமாருக்கு வேகத்தில் ஆசை. பட்டுக் கடைக்காரர் மகன் ஜெயக்குமார் பெங்களூரிலிருந்து ஒரு பழைய வெளிநாட்டுக் கார் வாங்கி வந்தான். இரண்டே கதவு, கடல் நீலம், டர்போ இன்ஜின். போகிற புகையையே பிடித்து ஒரு விசிறியைச் சுற்றவைத்து, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிற ஏற்பாடு அது. அந்தக் காற்றழுத்தத்தை ஏற்றிக் காரை இன்னும் வேகமாக்கித் தருகிறேன் என்று சிவகுமார் வேலையை எடுத்துக்கொண்டான்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலை, போளூர் ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனவன் திரும்பவில்லை. முன் சக்கரங்கள் இரண்டும் ஓட்டத்திலேயே இறுகிப்போய், கார் சுழன்று, சிறுபாலத்துச் சுவரில் மோதியது.

ஏன் இறுகின என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. காரியம் முடிந்த அன்று டீக்கடை வாசலில் கோபிநாத் சொன்ன ஒரு வாக்கியமே ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

"படிச்சிப் படிச்சி சொன்னேன். இன்ஜின் தாங்கும்டா, கியர் பாக்ஸ் தாங்காதுன்னு. கேக்கல."

அந்த வாக்கியம் டீக்கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. அம்மா ரேணுகாம்பாள் அதைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறபோதெல்லாம் அதையே சொல்லி அழுதாள். டர்போ டர்போ என்று பேயாய் அலைந்து, பேச்சுக் கேளாமல் செத்தான் என் பிள்ளை. மூன்று மாதமாக வீட்டில் இதே பாட்டு.

சிவகுமாரின் மனைவி கீதா ஒரு வார்த்தை பதில் பேசியதில்லை. விடிந்தால் தறியில் உட்காருவாள், பொழுது சாய்ந்தால் எழுந்திருப்பாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. நாலு வயசு லாவண்யா பக்கத்து வீட்டுக் குழந்தையோடு விளையாடிக்கொண்டே சொன்னாள்: "எங்கப்பா பேச்சே கேக்காம ஃபாஸ்ட்டா போயி செத்துட்டாரு. ஆயா சொல்லுச்சி."

கீதா தறியை விட்டு இறங்கினாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணி பஸ்ஸில் போளூருக்கு, தன் அம்மா வீட்டுக்கு, மகளோடு போய்விடுவதாகச் சொன்னாள். எப்போது திரும்புவாய் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இன்றைக்குத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

*

காலை பத்து மணிக்குக் கீதா பட்டறைக்கு வந்தாள். மூன்று மாதத்தில் அவள் இந்தப் பக்கம் வந்தது இதுதான் முதல் தடவை. கையில் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு.

கோபிநாத் ஒரு பவர் டில்லரின் வாயில் கையை விட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையை எடுத்துத் துடைத்தான்.

"நீ இன்னாத்துக்கும்மா இங்க வந்த? சொல்லி அனுப்பிச்சிருந்தா நானே வந்திருப்பனே."

"வண்டிய இன்னிக்கி எடுத்துகினு போறாங்களாமே மாமா."

"ஆமா. மூணு மணிக்கி லாரி வருது. ஜெயக்குமார் தம்பி பழைய இரும்புக்குப் பேசிட்டாரு."

கீதா பட்டறையின் கோடியைப் பார்த்தாள். அங்கே தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது அந்தக் கார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து இழுத்து வந்து விட்ட நாளிலிருந்து கோபிநாத் அந்தத் தார்ப்பாயைத் தூக்கியதில்லை. பெருக்கும்போதுகூட அந்த மூலையை விட்டுவிட்டுப் பெருக்குவான்.

"அதுக்கு முன்னாடி தொறந்து பாருங்க மாமா."

"எதைம்மா?"

"கியர் பாக்ஸ. நீங்க சொன்ன மாதிரி அது ஒடைஞ்சிருந்தா நான் ஒத்துக்கறேன். எம் பொண்ணு கேட்டா, ஆமாம்மா, உங்கப்பா பேச்சு கேக்கல, அதான் செத்தாருன்னு நானே சொல்லிடுவேன். ஆனா கண்ணால பாத்துட்டு சொல்லணும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. நூல் அறுந்த இடத்தை முடிச்சுப் போடுகிறவள் எவ்வளவு நிதானமாக இருப்பாளோ அவ்வளவு நிதானமாகக் கேட்டாள்.

"இது அவரு நோட்டு. பெட்டி கட்டறப்ப கெடைச்சிது. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்களே வெச்சிக்கோங்க."

நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

கோபிநாத் தார்ப்பாயை இழுத்தான். காரின் முன்பக்கம் ஒரு பக்கமாக நசுங்கியிருந்தது. டிரைவர் பக்கக் கதவு இல்லை. அந்தப் பக்கம் பார்க்காமல் ஜாக்கி வைத்துத் தூக்கினான், கீழே படுத்தான், ஸ்பேனரைப் போட்டான். இரண்டு மணி நேர வேலை. கியர் பாக்ஸைச் செயின் போட்டு இறக்கி, சாக்கின் மேல் வைத்து, மூடியைக் கழற்றினான்.

அவனுக்கு ஒரு நிச்சயம் இருந்தது. நாலாவது கியர் பல் உதிர்ந்திருக்கும். அந்த மாதிரிக் காரில் பலம் ஏற்றினால் முதலில் விழுகிற விக்கெட் அதுதான் என்று அவன் எத்தனை தடவை தம்பியிடம் சண்டை பிடித்திருக்கிறான். பலத்தை ஏற்றுவது ஒரு வித்தையா, ஏற்றின பலத்தைச் சக்கரம் வரைக்கும் உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வித்தை என்பான். சிவகுமார் சிரிப்பான். "அதுக்குத்தான்ணா காத்த ரெண்டு ரெண்டு பவுண்டா ஏத்தறேன்" என்பான்.

டார்ச் அடித்துப் பார்த்தான். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான். நாலாவது கியரை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினான். ஓசையில்லாமல் சுற்றியது.

"இதுல எது மாமா ஒடைஞ்சிருக்கு?"

அவள் பக்கத்தில் வந்து நின்றதை அவன் கவனிக்கவில்லை.

"ஒண்ணும் ஒடையல."

கீதா குனிந்து ஒவ்வொரு பல்லாக விரல் வைத்துப் பார்த்தாள். புதுப் பாத்திரம் மாதிரி எல்லாம் மின்னின.

"அப்ப அவரு ஏத்தினது இத ஒண்ணும் பண்ணல."

"பண்ணல."

"அப்ப எதுதான் பண்ணிச்சி?"

"தெரியலம்மா."

இது பொய் இல்லை. அந்த நிமிஷத்தில் அவனுக்குத் தெரியாது. கியர் பாக்ஸ் இல்லையென்றால் இன்ஜின்தான். ஓடுகிற இன்ஜின் சட்டென்று இறுகி நின்றால் அதோடு பிணைந்த சக்கரமும் நிற்கும். இன்ஜின் ஏன் இறுக வேண்டும்?

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். கீதா குழந்தையைக் கூட்டி வரக் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பினாள்.

"நாலு மணிக்கி பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்பிடுவேன் மாமா. அதுக்குள்ள எதுன்னு தெரிஞ்சா வந்து சொல்லுங்க. அது போதும் எனக்கு."

*

அவள் போனதும் கோபிநாத் இன்ஜினின் அச்சில் பெரிய ஸ்பேனரைப் போட்டு, காலை முட்டுக்கொடுத்துத் திருப்பிப் பார்த்தான். மயிரிழை அசையவில்லை. உள்ளே பேரிங் எரிந்து, அச்சும் ராடும் ஒட்டிப் போயிருக்கின்றன. எண்ணெய் கிடைக்காமல் செத்த இன்ஜின். இருபது வருஷத்தில் இப்படி எத்தனையோ பார்த்திருக்கிறான். எண்ணெயே ஊற்றாமல் ஓட்டுகிற லாரிக்காரர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறான்.

அடியில் எண்ணெய்த் தொட்டியின் போல்ட்டைத் திறந்தான். பட்டறைக்காரர்கள் சேம்பர் என்று சொல்வார்கள். சொட்டுச் சொட்டாக வரும் என்று பார்த்தால் குபுகுபுவென்று வந்தது. ஒரு பக்கெட் நிறைந்தது. எண்ணெய்க்குக் குறைவே இல்லை.

எண்ணெய் இருக்கிறது, ஆனால் மேலே போகவில்லை.

அந்தச் சேம்பரைக் கடைசியாக மூடியது கோபிநாத்.

அது வெள்ளிக்கிழமை. விபத்துக்கு முதல் நாள். சேம்பரில் லேசான கசிவு இருந்தது. சேம்பருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கசியாமல் இருக்க வைக்கிற கேஸ்கெட் புதிதாக வேண்டும் என்று சிவகுமார் சென்னைக்குச் சொல்லியிருந்தான். பஸ் பார்சலில் வர வேண்டியது வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில் காரை ஓட்டிக் காட்டவேண்டும் என்று ஜெயக்குமார் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றான். சிவகுமார் கேஸ்கெட்டைத் தேடி வேலூருக்குப் போன நேரம் பார்த்து, இதற்குப் போய் இவ்வளவு அலைச்சலா என்று கோபிநாத் தானே உட்கார்ந்துவிட்டான்.

அவன் கைவசம் ஒரு வித்தை உண்டு. ஊரே அறிந்த வித்தை. கேஸ்கெட் இல்லாத இடத்தில் ஒட்டுகிற பேஸ்ட் தடவி, அதன்மேல் பட்டு நூலை ஒரு சுற்று ஓட்டி மூடி முறுக்கினால் ஒரு சொட்டு ஒழுகாது. பருத்தி நூல் நைந்துபோகும், நைலான் இளகிவிடும், பட்டு மட்டும் நிற்கும். புல்லட் இன்ஜின், களம்பூர் ரைஸ் மில்லின் ஆயில் மோட்டார், பம்பு செட் என்று எத்தனைக்குப் போட்டிருக்கிறான். ஆரணியில் பட்டு நூலுக்கா பஞ்சம்.

சேம்பரை இறக்கினான். உள்ளே கையை விட்டு, எண்ணெயை உறிஞ்சுகிற குழாயின் வாயைத் தடவினான். அங்கே ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு சல்லடை இருக்கும். சல்லடை விரலுக்குத் தட்டுப்படவில்லை. மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது.

நகத்தால் சுரண்டி எடுத்தான். குளிக்கிற அறையின் ஜலதாரையில் முடி அடைத்துக்கொண்டு வருமே, அப்படி ஒரு உருண்டை. காய்ந்த பேஸ்ட் துணுக்குகளும் நூலும் பின்னிக்கொண்ட கறுப்பு உருண்டை.

மண்ணெண்ணெயில் முக்கிப் பிசைந்தான். பேஸ்ட் உதிர்ந்தது. நூல் நீண்டது. ஓரிடத்தில் கறுப்பு கலைந்து நிறம் தெரிந்தது.

அரக்கு.

கோபிநாத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த வாரம் தறியில் ஓடியது அரக்கு நிறச் சேலை. தறியில் இருந்தவள் கீதா. "கொஞ்சம் நூல் குடும்மா, மூணு முழம் போதும்" என்று வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்க் கேட்டவன் இவன். அவள் தறியைவிட்டு எழாமலேயே நூல்கண்டிலிருந்து இழுத்து, முழங்கையால் அளந்து, பல்லால் கடித்துத் துண்டாக்கிக் கொடுத்தாள். "அவரு கார்க்கா மாமா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது அவன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

மேஜைமேல் இருந்த நோட்டைப் பார்த்தான். எழுந்துபோய்ப் பிரித்தான்.

சிவகுமாரின் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். ஆனால் கோடு போட்டு ஒழுங்காக எழுதியிருந்தான். 'இரண்டு பவுண்டு ஏற்றினேன். இருநூறு கிலோமீட்டர் ஓட்டினேன். எண்ணெய்ச் சூடு சரி.' அடுத்த வாரம்: 'மறுபடி இரண்டு பவுண்டு. கிளட்ச் வழுக்கல் தெரிகிறது. நிறுத்திவிட்டேன். கிளட்ச் மாற்றிய பிறகு பார்க்கலாம்.' பிறகு: 'கியர் பாக்ஸ் பற்றி அண்ணன் சொன்னது சரி. பதினாறு பவுண்டுக்கு மேல் வேண்டாம். ஜெயக்குமார் கேட்டாலும் வேண்டாம்.'

பேச்சுக் கேளாதவன் எழுதியது.

கடைசிப் பக்கத்தில் சனிக்கிழமைத் தேதி போட்டு, ஓட்டுவதற்கு முன் பார்க்கவேண்டியவை என்று ஒவ்வொன்றாக எழுதி, எதிரில் டிக் போட்டிருந்தான். டயர், பிரேக், போல்ட்டுகள், தண்ணீர், காற்றுக் குழாய். சேம்பர் என்ற வார்த்தைக்கு எதிரில் மட்டும் டிக் இல்லை. பதிலாக இரண்டு வார்த்தை எழுதியிருந்தது.

'அண்ணன் போட்டது.'

பார்க்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டான்.

கோபிநாத் அழுதான். தம்பிக்குக் கொள்ளிவைத்த அன்று வராத அழுகை, வாயைப் பொத்தியும் அடங்காமல் வந்தது. டேஷ்போர்டில் எண்ணெய் ஏறவில்லை என்று காட்டுகிற சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். எரிந்து, அவன் கண்ணில் பட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த ஒரு நொடியிலாவது சேம்பர் அண்ணன் போட்டது என்பது அவனுக்கு ஞாபகம் வந்திருக்குமா. வந்திருக்கக் கூடாது என்று கோபிநாத் வேண்டிக்கொண்டான்.

*

மூன்று மணிக்கு லாரி வந்தது. கூடவே ஜெயக்குமார் மோட்டார் சைக்கிளில் வந்தான். இறக்கிவைத்த கியர் பாக்ஸைப் பார்த்துவிட்டு, "நாலாவது கியர்தானண்ணா?" என்றான். ஊர் முழுக்க மனப்பாடம் ஆகிவிட்ட பாடம் அல்லவா.

"இல்ல தம்பி. வீட்டுக்கு வாங்க. அங்க சொல்றேன்."

"லாரிக்காரரு ஜல்தி பண்றாருண்ணா."

"சும்மா நிக்கட்டும். விட்டா எனக்கு ஒரு பஸ் போயிடும்."

ஜெயக்குமாருக்குப் புரியவில்லை. ஆனாலும் வண்டியைத் திருப்பினான். கோபிநாத் பின்னால் உட்கார்ந்தான். சட்டைப் பையில் அந்த நூல் இருந்தது.

வழியெல்லாம் ஒரே கணக்குதான் அவன் மண்டைக்குள். உண்மையைச் சொன்னால் தம்பியின் பேர் மீளும். லாவண்யா இனி யாரிடமும் அந்த வாக்கியத்தைச் சொல்ல மாட்டாள். தன் பேர் போகட்டும், அது போகவேண்டிய பேர்தான். ஆனால் நூல் என்று சொன்னால் என்ன நூல் என்று கேட்பாள். அரக்கு என்றால் யார் கொடுத்தது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள், அவன் சாவுக்குத் தன் கையாலேயே அளந்து கொடுத்தாள் என்று மீதி ஆயுசைக் கழிக்கவேண்டுமா?

வீட்டு வாசலில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டான். பேஸ்ட் என்று சொல்லலாம். நூலைச் சொல்லவேண்டாம். பாதி உண்மை என்றாலும் பாதி உண்மைதானே.

கூடத்தில் கீதாவின் பெட்டி தயாராக இருந்தது. லாவண்யா ஷூ போட்டுக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அம்மா சுவரில் சாய்ந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். கோபிநாத்தின் மனைவி லீலா களம்பூர் மில் ஆபீசிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்து, குழந்தைக்கு முறுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எம்மா," என்றான் கோபிநாத். "கியர் பாக்ஸ் ஒடையல. சிவா ஏத்தின ப்ரெஷராலயும் ஒண்ணும் ஆவல. அவன் எல்லாம் பாத்துப் பாத்துத்தான் செஞ்சிருக்கான். நான்தான் சேம்பருக்கு கேஸ்கெட் இல்லாம பேஸ்ட் வெச்சி ஒட்டினேன். அது உள்ள உதுந்து சல்லடைய அடைச்சிகினுச்சி. ஆயில் ஏறாம இன்ஜின் ஜாம் ஆயிட்டுது. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. என் வேலதான்."

ஜெயக்குமார் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். லீலாவின் கையிலிருந்த பொட்டலம் பிரிந்து முறுக்கு தரையில் கொட்டியது. அதை யாரும் எடுக்கவில்லை.

அம்மா மெதுவாக எழுந்து வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்து கோபிநாத் தலையைக் குனிந்து கொடுத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உன் வாயால கேட்டுதானடா எம் புள்ளய மூணு மாசமா திட்டிகினு இருந்தேன்," என்றாள். "அவன் படத்துக்குப் பூ வெக்கிறப்பகூட திட்டிகினேதானே வெச்சேன்."

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. லீலா ஓடிவந்து தாங்கிக்கொண்டாள்.

கீதா குழந்தையின் எதிரில் மண்டியிட்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் குரல் தெளிவாக வந்தது.

"கேட்டியாடி, பெரியப்பா சொன்னத? உங்கப்பா ஒழுங்காத்தான் ஓட்டினாரு."

"ஃபாஸ்ட்டா போவலியா?"

"போனாரு. ஃபாஸ்ட்டாத்தான் போனாரு. ஒழுங்கா போனாரு."

பிறகு குழந்தையின் ஷூவைக் கழற்றினாள். ஒன்று, இரண்டு. அதைச் சுவரோரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து கோபிநாத்தைப் பார்த்தாள்.

"பேஸ்ட் மட்டும்தானா மாமா?"

"பேஸ்ட்தாம்மா."

தலையை ஆட்டினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நாலரை மணி பஸ் அவள் இல்லாமலேயே போளூருக்குப் போயிற்று.

*

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் எல்லோரும் அழுதார்கள். ஆனால் மூன்று மாதமாக ஆளுக்கொரு மூலையில் அழுதவர்கள் அன்றுதான் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுதார்கள். அம்மா மகன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஜெயக்குமார் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டான்.

கோபிநாத்துக்கு மனசு கனத்துதான் கிடந்தது. இருந்தாலும் ஒன்றைச் சரியாகச் செய்தோம் என்று ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. கிணற்றடியில் சட்டையைக் கழற்றி, வழக்கம்போல் அழுக்கு வாளியில் போட்டுவிட்டுக் குளித்தான்.

இருபது வருஷப் பழக்கம் அது. கழற்றினால் வாளி. அந்த வீட்டில் சமையல் லீலாவுக்கு, துவைப்பது கீதாவுக்கு என்று வேலை பிரித்திருந்ததும் பழைய வழக்கம். பெட்டியைப் பிரித்து வைத்த கீதா, இருக்கப்போகிறவள் செய்கிற முதல் வேலையாக அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். கோபிநாத் அதைப் பார்த்தான். பார்த்துச் சந்தோஷப்பட்டான். பாவம், அவ்வளவுதான் அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டும்போது பையில் ஏதோ தட்டுப்பட்டது.

எடுத்தான்.

நேற்றுக் கறுப்புச் சடையாக உள்ளே போனது, இன்று சுத்தமாக இருந்தது. சோப்புப் போட்டு, சிக்கெடுத்து, நீவி, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் எட்டுப் போட்டுச் சுற்றி, நடுவில் ஒரு முடிச்சு. நெசவுக்காரர்கள் மட்டுமே போடுகிற முடிச்சு. விடியல் வெளிச்சத்தில் அரக்கு நிறம் பளிச்சென்று இருந்தது.

அப்போதுதான் கவனித்தான். மணி ஆறாகியும் தறிச் சத்தம் கேட்கவில்லை.

தறி இருந்த அறைக்குப் போனான். கீதா தறியில் உட்கார்ந்திருந்தாள். கால் மிதியில் இல்லை. கைகள் மடியில் கிடந்தன. இரவு முழுக்கத் தூங்காத முகம்.

"கீதா."

"மூணு முழம்தான் கேட்டீங்க மாமா," என்றாள் திரும்பாமலேயே. "எனக்கு நல்லா ஞாபகம் கீது. நான்தான் இருக்கட்டும்னு அஞ்சு முழம் குடுத்தேன். அவரு கார்க்குதானேன்னு."

கோபிநாத் கையிலிருந்த நூலைப் பார்த்தான்.

"நேத்து அளந்து பாத்தேன். அங்கங்க அறுந்து துண்டா கீது. எல்லாத்தையும் சேத்து வெச்சி அளந்தா ரெண்டு முழம் வருது. நீங்க கேட்டத மட்டும் குடுத்திருந்தா இந்த ரெண்டு முழம் இருந்திருக்காது." இப்போது திரும்பிப் பார்த்தாள். "மிச்சத்த இன்னா பண்ணீங்க மாமா?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.

"மூணு முழத்துல ஒரு சுத்து முடிஞ்சிது. பட்டாச்சே, தூக்கிப்போட மனசு வரல. மிச்சத்த ரெண்டாவது சுத்தா ஓட்டிட்டேன்."

"உள்பக்கமா?"

"உள்பக்கமா."

அவர்கள் குடும்பத்தில் பட்டுத் துணுக்கை யாரும் குப்பையில் போட்டதில்லை. போடக் கூடாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவன் அவன். வாக்கப்பட்டு வந்தவளும் அப்படியே. ஆளுக்கு ஒரு கை. அவள் கூடக் கொடுத்தது ஆசையில், அவன் மிச்சம் பிடித்தது பழக்கத்தில்.

கீதா வெறும் முழங்கையை நீட்டி, இல்லாத நூலை ஒரு தடவை அளந்து பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றில் நிறுத்திவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஏதோ சத்தம் கேட்டு கோபிநாத் திரும்பினான். கூடத்தில் அம்மா நின்றிருந்தாள். கையில் கீதாவுக்குக் கொண்டுவந்த காபி டம்ளர். மூன்று மாதத்துக்குப் பிறகு மருமகளுக்கு அவள் தன் கையால் போட்டு எடுத்து வந்த முதல் காபி.

அதில் ஏடு படிந்திருந்தது, அவ்வளவு நேரமாக அங்கேயே நின்றிருக்கிறாள்.